வேர்ட்பிரஸ் பிளகின், தீம் வெளியீட்டைக் கட்டளை வரியிலிருந்து தானியக்கமாக்குவது: முழுமையான வழிகாட்டி

வேர்ட்பிரஸ் பிளகின் ஒன்றின் புதிய பதிப்பை வெளியிடுவது, பிரித்துப் பார்த்தால் சின்னச் சின்ன வேலைகளின் கோவைதான். பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும், மாற்றப் பட்டியல் எழுத வேண்டும், ஜாவாஸ்கிரிப்டைத் தொகுக்க வேண்டும், தேவையற்ற கோப்புகளைக் கழித்து ஜிப் கட்ட வேண்டும், களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் எதுவுமே கஷ்டமில்லை. ஆனால் எல்லாவற்றையும் கையால் செய்யும்போது என்றாவது ஒருநாள் வரிசை மாறும், ஏதாவது ஒன்று விடுபடும். விடுபட்டது எது என்பது யாரோ ஒருவரின் தளம் வெள்ளைத் திரையாக நின்ற பிறகுதான் தெரியவரும்.

சொந்தத் தளத்தில் ஒரு கோப்பைத் தவறாக மாற்றிவிட்டால் உடனே பழையபடி ஆக்கிவிடலாம். பிளகினுக்கு அந்த வசதி கிடையாது. தானியங்கிப் புதுப்பிப்பு வைத்திருக்கும் தளங்கள் புதிய பதிப்பை இறக்கி நிறுவிவிட்டால், அந்தக் கோப்புகள் உங்கள் கையை விட்டுப் போய்விட்டன. அதனால் தானியக்கத்தில் நேரம் மிச்சமாவதை நான் இரண்டாவது பயனாகத்தான் வைப்பேன். முதல் பயன், எந்தக் கோப்புகளைச் சோதித்தோமோ அதே கோப்புகள்தான் பயனரிடம் போய்ச் சேர்ந்தன என்ற உறுதி. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த உறுதிக்காகவே.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் உச்சரிப்புப்படியே தருகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான எழுத்துக்கூட்டலில் அடியுங்கள்.

எந்தப் பதிப்பு வெளியே போகும் என்பதை யார் தீர்மானிக்கிறார்?

ஸ்கிரிப்ட் எழுதும் முன் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் பிறகு எதுவும் சரியாக வராது. வேர்ட்பிரஸ்.ஆர்க் பிளகின் களஞ்சியம், கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் சப்வெர்ஷன் கருவியில், அதாவது எஸ்விஎன்னில் இயங்குகிறது. உங்கள் அன்றாட வேலை அதே வகைக் கருவியான கிட்டில் நடந்தாலும் வெளியீடு எஸ்விஎன் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே மூன்று கோப்புறைகள் முக்கியம். டிரங்க் என்பது நடப்பு நிலை. டேக்ஸ் கோப்புறைக்குள் ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த எண்ணின் பெயரிலேயே ஒரு துணைக் கோப்புறை இருக்கும். அசெட்ஸ் கோப்புறை பிளகினின் பக்கத்தில் தெரியும் படங்களுக்கானது: 772×250, 1544×500 அளவுகளில் பேனர், 128×128, 256×256 அளவுகளில் ஐகான், அப்புறம் ஸ்கிரீன்ஷாட்கள். அசெட்ஸில் இருப்பது எதுவும் பயனர் இறக்கும் ஜிப்பில் சேராது.

களஞ்சியம் முதலில் டிரங்கில் உள்ள ரீட்மீ கோப்பைத் திறந்து, அதில் ‘ஸ்டேபிள் டேக்’ என்ற வரியைப் பார்க்கும். அங்கே 2.4.0 என்று இருந்தால் டேக்ஸ் கோப்புறைக்குள் 2.4.0-ஐத் தேடும். அதற்குள் இருக்கும் பிளகினின் முதன்மை பிஹெச்பி கோப்பின் தலைப்பில் ‘வெர்ஷன்’ என்று என்ன எழுதியிருக்கிறதோ, அதையே புதிய பதிப்பு எண்ணாகத் தளங்களுக்குச் சொல்லும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு வேறு வேறு. டேக் கோப்புறை சரியாக இருந்து, முதன்மைக் கோப்பில் மட்டும் பழைய 2.3.1 நின்றுவிட்டால், யாருக்கும் புதுப்பிப்பு அறிவிப்பே போகாது. ஸ்டேபிள் டேக்கை டேக் கோப்புறைக்குள் இருக்கும் ரீட்மீயில் மட்டும் மாற்றி, டிரங்கில் மாற்ற மறந்தால், எதுவுமே நடக்காது. ஸ்டேபிள் டேக் சொல்லும் கோப்புறையே இல்லாவிட்டால், எது வெளியே போகும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. மூன்றுமே கண்ணால் பார்த்தால் எளிதில் தப்பிவிடும். ஒரு ஸ்கிரிப்ட் பார்த்தால் தப்பாது.

இன்னொன்று. எஸ்விஎன்னை நிரல் எழுதும் இடமாகப் பயன்படுத்தாதீர்கள். அங்கே ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது மாற்றங்களைப் பதிவு செய்யும் ஒவ்வொரு முறையும், ஜிப்புகள் மறுபடி கட்டப்படுகின்றன. முடிந்த வேலையை மட்டும் அனுப்புங்கள் என்பதே களஞ்சியத்தின் வழிமுறையும்.

தேவையான கருவிகள்

கிட், எஸ்விஎன், பிஹெச்பி, கம்போசர் (பிஹெச்பி நூலகங்களை இறக்க), நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டைத் தொகுக்க), ஆர்சிங்க் (கோப்புறைகளை ஒத்திசைக்க), டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்க). லினக்ஸில் பெரும்பாலானவை வழக்கமான தொகுப்பு மேலாளரில் கிடைக்கும். புதிய மேக்குகளில் எஸ்விஎன் இருக்காது, ஹோம்புரூ வழியாக நிறுவுங்கள். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் இல்லாமல் இந்த வழியில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டபிள்யூபி-சிஎல்ஐயில் ஜிப் கட்டும் ‘டிஸ்ட்-ஆர்க்கைவ்’ கட்டளை உள்ளடங்கி வருவதில்லை. ‘டபிள்யூபி பேக்கேஜ் இன்ஸ்டால்’ என்று கொடுத்து, ‘டபிள்யூபி-சிஎல்ஐ/டிஸ்ட்-ஆர்க்கைவ்-கமாண்ட்’ என்ற பெயரைச் சேர்த்து ஒருமுறை நிறுவிக்கொள்ள வேண்டும்.

படி 1: பதிப்பு எண்ணுக்கு ஒரே மூலம்

ஒரு சாதாரணப் பிளகினில் பதிப்பு எண் குறைந்தது நான்கு இடங்களில் இருக்கும்: முதன்மைக் கோப்பின் தலைப்பு, நிரலுக்குள் ஒரு மாறிலி, ரீட்மீயின் ஸ்டேபிள் டேக், பேக்கேஜ்.ஜேசன். நான்கையும் கையால் மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள்.

நோட் பயன்படுத்துகிறவர்களுக்கு எளிய வழி ‘என்பிஎம் வெர்ஷன் பேட்ச்’ அல்லது ‘மைனர்’ கட்டளை. அது பேக்கேஜ்.ஜேசனில் எண்ணை உயர்த்தி, கிட் கமிட் செய்து, முன்னால் ‘வி’ எழுத்துடன் ஒரு கிட் டேக்கும் போடும். எண்ணை உயர்த்திய பின், கமிட் செய்யும் முன், பேக்கேஜ்.ஜேசனின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் ‘வெர்ஷன்’ என்ற பெயரில் நீங்கள் வைத்திருக்கும் கட்டளையை ஓட்டும். அந்த இடைவெளியில், உரையைத் தேடி மாற்றும் ‘செட்’ (sed) கருவியால் மற்ற மூன்று இடங்களையும் மாற்றி, ‘கிட் ஆட்’ செய்துவிட்டால் நான்கும் ஒரே கமிட்டில் வந்துவிடும்.

மாற்றியதோடு விடக் கூடாது, சரிபார்க்கவும் வேண்டும். வெளியீட்டு ஸ்கிரிப்டின் முதல் வேலை இந்த நான்கு எண்களையும் ‘கிரெப்’பால் எடுத்து ஒப்பிடுவதுதான். ஒன்று வேறுபட்டாலும் நான்கையும் திரையில் காட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். இங்கே பலரையும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. திரையில் இரண்டு பக்கமும் 2.4.0 என்றே தெரியும், ஆனால் ஸ்கிரிப்ட் சமமில்லை என்று சொல்லும். ரீட்மீயை யாரோ விண்டோஸில் சேமித்திருப்பார்கள். வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணை எடுக்கும்போதே ‘டிஆர்’ கட்டளையால் அதை நீக்கிவிடுங்கள்.

எண்ணின் வடிவத்திலும் கொஞ்சம் கவனம் தேவை. வேர்ட்பிரஸ் பிஹெச்பியின் ‘வெர்ஷன் கம்பேர்’ செயற்கூறால் ஒப்பிடுகிறது. அதன் கணக்கில் 1.10 என்பது 1.9-ஐவிடப் பெரியது. 2.4 என்பதும் 2.4.0 என்பதும் ஒன்றல்ல, 2.4.0 பெரியது. பாதியில் பாணியை மாற்றினால் தேவையில்லாத புதுப்பிப்பு அறிவிப்பு போகும். மூன்று எண் என்று வைத்தால் கடைசி வரை மூன்று எண்ணிலேயே இருங்கள்.

படி 2: பொட்டலத்தைச் சுத்தமான இடத்தில் கட்டுவது

வெளியீட்டுக் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜிப் கட்ட இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று ‘கிட் ஆர்க்கைவ்’. கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் ‘எக்ஸ்போர்ட்-இக்னோர்’ என்று குறித்தவற்றை விட்டுவிட்டு மற்றதைக் கட்டும். கமிட் ஆனது மட்டுமே உள்ளே வரும் என்பது அதன் பலம். பலவீனமும் அதுதான்: தொகுத்த ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும் பில்ட் கோப்புறையும் கம்போசரின் வெண்டர் கோப்புறையும் வழக்கமாகக் கிட்டில் இருக்காது, எனவே ஜிப்பிலும் இருக்காது. மற்றது ‘டபிள்யூபி டிஸ்ட்-ஆர்க்கைவ்’. டிஸ்ட்இக்னோர் என்ற கோப்பில் எழுதியதைத் தவிர்த்துவிட்டு, உங்கள் கோப்புறையில் இப்போது என்ன இருக்கிறதோ அதைக் கட்டும். தொகுத்தவை உள்ளே வரும். ஆனால் நேற்று பிழை தேட உருவாக்கிய கோப்பு, தரவுத்தள நகல், ரகசியங்கள் உள்ள என்வ் கோப்பு எல்லாம்கூட வந்துவிடும்.

இரண்டின் பலமும் வேண்டுமென்றால், டேக் செய்த கமிட்டை ஒரு தற்காலிகக் கோப்புறைக்குள் ‘கிட் க்ளோன்’ செய்து, அங்கேயே தொகுத்து, அங்கேயே டிஸ்ட்-ஆர்க்கைவ் ஓட்டுங்கள். உங்கள் வேலைக் கோப்புறையில் என்ன கிடந்தாலும் பொட்டலத்தை எட்டாது.

அந்தத் தற்காலிகக் கோப்புறையில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ ஓட்டுங்கள். பூட்டுக் கோப்பில் (நூலகங்களின் துல்லியமான பதிப்புகளைக் குறித்து வைத்திருக்கும் கோப்பு) உள்ள பதிப்புகளை அப்படியே எடுக்கும், வேறு எதையும் எடுக்காது. பிறகு ‘என்பிஎம் ரன் பில்ட்’. அடுத்து ‘கம்போசர் இன்ஸ்டால் --நோ-டெவ் --ஆப்டிமைஸ்-ஆட்டோலோடர்’. இதில் ‘--நோ-டெவ்’ விடுபட்டால் ஜிப் பெரிதாவது மட்டும் பிரச்சினையில்லை. பிஹெச்பியூனிட் போன்ற சோதனைக் கருவிகள் பயனரின் சர்வரில், இணையத்திலிருந்து எட்டக்கூடிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். 2017-ல் பதிவான பிஹெச்பியூனிட் பாதுகாப்பு ஓட்டை அப்படிக் கிடந்த ஒரு கோப்பின் வழியாகத்தான் பரவலாகத் தாக்கப்பட்டது.

கம்போசரில் இன்னொரு மறைவான கண்ணி. உங்கள் கணினியில் பிஹெச்பி 8.3 இருக்கும். பிளகினோ 7.4 போதும் என்று அறிவித்திருக்கும். பூட்டுக் கோப்பை உருவாக்கிய அன்றே கம்போசர் 8.1-க்குக் கீழ் ஓடாத நூலகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். பழைய பிஹெச்பி உள்ள தளத்தில் பிளகின் ஏறும்போதே மொத்தத் தளமும் விழும். கம்போசர்.ஜேசனின் கான்ஃபிக் பகுதியில் ‘பிளாட்ஃபார்ம்’ என்பதற்குள் பிஹெச்பி 7.4 என்று எழுதிவைத்தால், அந்தப் பதிப்புக்கு ஏற்ற நூலகங்களை மட்டுமே அது எடுக்கும்.

டிஸ்ட்இக்னோரில் என்னென்ன இருக்க வேண்டும்? கிட் தொடர்பான எல்லாம், நோட் மாட்யூல்ஸ், டெஸ்ட்ஸ் கோப்புறை, பிஹெச்பியூனிட் அமைப்புக் கோப்பு, டிஸ்ட்இக்னோரே கூட. கோப்புறைப் பெயருக்கு முன்னால் சாய்கோடு போடுங்கள். ‘/டெஸ்ட்ஸ்’ என்றால் மேல்மட்டத்தில் இருப்பது மட்டும் நீங்கும். சாய்கோடு இல்லாமல் எழுதினால் வெண்டருக்குள் ஆழத்தில் அதே பெயரில் இருக்கும் கோப்புறைகளும் சேர்ந்து காணாமல் போகும். நூலகம் எதிர்பார்க்கும் ஒரு கிளாஸ் அதற்குள் இருந்தால் அவ்வளவுதான். இதே கோப்பைப் பின்னால் ஆர்சிங்க்கும் படிக்கக்கூடும் என்பதால், ஆச்சரியக்குறி வைத்து விதிவிலக்கு எழுதும் வித்தைகளையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு கருவிகளும் அதை வேறு வேறாகப் புரிந்துகொள்கின்றன.

சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்டை மட்டும் அனுப்புகிறவர்கள், மூல நிரல் எங்கே கிடைக்கும் என்பதை ரீட்மீயில் சொல்லியாக வேண்டும், இல்லையேல் மூலத்தையும் பொட்டலத்தில் சேர்க்க வேண்டும். இது களஞ்சிய விதி.

ஜிப்புக்குள் இருக்கும் மேல்மட்டக் கோப்புறையின் பெயர் பிளகினின் ஸ்லக்காகவே, அதாவது களஞ்சிய முகவரியில் வரும் அதன் பெயராகவே, இருக்க வேண்டும். கிட்ஹப் தானாகத் தரும் மூல ஜிப்பில் கோப்புறைப் பெயரோடு பதிப்பு எண்ணோ கிளைப் பெயரோ ஒட்டியிருக்கும். அதைப் பயனர் நிறுவினால் வேர்ட்பிரஸ் அதை வேறொரு பிளகினாகவே நினைக்கும், ஒரே பிளகின் இரண்டாக நிற்கும். டிஸ்ட்-ஆர்க்கைவுக்கு ‘--பிளகின்-டிர்நேம்’ கொடுத்து ஸ்லக்கை உறுதி செய்யுங்கள்.

ஜிப் தயாரானதும் ‘அன்ஜிப் -இசட்1’ (unzip -Z1) கொடுத்து உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்களின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி, போன வெளியீட்டின் பட்டியலோடு ‘டிஃப்’ செய்து பாருங்கள். இந்தச் சின்னச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நிரலை ஒரு வரிகூடப் படிக்காமலே, வரக் கூடாதது வந்திருக்கிறதா, வர வேண்டியது விடுபட்டதா என்று நொடியில் தெரிந்துவிடும்.

படி 3: பொட்டலத்தைச் சோதிப்பது

இனி சோதிப்பதெல்லாம் அந்த ஜிப்பைத்தான். உங்கள் வேலைக் கோப்புறையில் சோதனைகள் பச்சையாக ஓடியது நல்லதுதான், ஆனால் பயனருக்குப் போகப்போவது அதுவல்ல.

டபிள்யூபி-என்வ் போன்ற கருவியால் ஒரு வெற்று வேர்ட்பிரஸைக் கிளப்புங்கள். ‘டபிள்யூபி பிளகின் இன்ஸ்டால்’ கட்டளைக்கு ஜிப்பின் பாதையையும் ‘--ஆக்டிவேட்’டையும் கொடுங்கள். அடுத்து, வேர்ட்பிரஸ் குழுவே பராமரிக்கும் பிளகின் செக் என்ற பிளகினையும் நிறுவி, ‘டபிள்யூபி பிளகின் செக்’ என்று ஸ்லக்கோடு ஓட்டுங்கள். ஸ்டேபிள் டேக் பொருந்தாதது, எஸ்கேப் செய்யாமல் (பாதுகாப்பாக்காமல்) பக்கத்தில் அச்சிடும் மதிப்புகள், ரீட்மீ குறைகள் எல்லாம் பட்டியலாக வரும். ரீட்மீயில் சுருக்க விளக்கம் 150 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற விஷயங்களையும் அது நினைவில் வைத்துக்கொள்கிறது. பிழைகள் இருந்தால் ஸ்கிரிப்ட் நிற்கட்டும். எச்சரிக்கைகளை அச்சிட்டுவிட்டுத் தொடரலாம்.

புதிதாக நிறுவிப் பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வெளியீட்டு நாளில் பெரும்பாலான தளங்கள் பழைய பதிப்பிலிருந்து மேலேறுகின்றன. அதையே ஒத்திகை பாருங்கள்: ‘டபிள்யூபி பிளகின் இன்ஸ்டால்’ கட்டளைக்கு ஸ்லக்கும் ‘--வெர்ஷன்=2.3.1’ என்பதும் கொடுத்துக் களஞ்சியத்திலிருந்து பழையதை நிறுவி, இயக்கி, கொஞ்சம் தரவு உருவாக்கி, அதன் மேல் புதிய ஜிப்பை ‘--ஃபோர்ஸ்’ கொடுத்து நிறுவுங்கள். தரவுத்தள அட்டவணை மாற்றத்தை ஆக்டிவேஷன் ஹூக்கில் (பிளகினை இயக்கும்போது ஓடும் நிரல்) வைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். புதுப்பிக்கும்போது அந்த ஹூக் ஓடாது. சேமித்த பதிப்பு எண்ணை நடப்பு எண்ணோடு ஒப்பிட்டு, பிளகின் ஏறும் வேளையில் மாற்றத்தை ஓட்டுவதுதான் சரியான வழி.

படி 4: எஸ்விஎன்னுக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட்

ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே பாஷின் ‘செட் -இயூஓ பைப்ஃபெயில்’ (set -euo pipefail) வைத்துவிடுங்கள். எந்தக் கட்டளை தோற்றாலும், அறிவிக்காத மாறி வந்தாலும் அங்கேயே நிற்கும். பாதி தோற்ற ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடி, வெற்றுக் கோப்புறையைக் களஞ்சியத்துக்கு அனுப்புவதைவிட மோசமான வெளியீடு இருக்க முடியாது.

களஞ்சியத்தை முழுதாக இறக்க வேண்டாம். வயதான பிளகினில் டேக்ஸ் கோப்புறை மலையாக வளர்ந்திருக்கும். ‘எஸ்விஎன் செக்கவுட் --டெப்த் இமீடியட்ஸ்’ என்றால் மேல்மட்டம் மட்டும் வரும். பிறகு ‘எஸ்விஎன் அப்டேட் --செட்-டெப்த் இன்ஃபினிட்டி’ என்பதை டிரங்க்கும் அசெட்ஸுக்கும் மட்டும் கொடுங்கள். டேக்ஸுக்கு ‘இமீடியட்ஸ்’ போதும், எந்தெந்தப் பதிப்புகள் இருக்கின்றன என்ற பெயர்கள் மட்டும் வரும். வெளியிடப்போகும் எண் அந்தப் பெயர்களில் ஏற்கெனவே இருந்தால் ஸ்கிரிப்ட் உடனே நிற்க வேண்டும். ஒருமுறை வெளியான எண்ணை மறுபடி தொடவே கூடாது. ஒரே எண்ணில் இரண்டு விதமான கோப்புகள் உலாவினால் பிழை தேடுவது நரகம்.

அடுத்து, படி 3-ல் சோதித்த அதே ஜிப்பை விரித்து, ‘ஆர்சிங்க் -ஆர்சி --டெலீட்’ மூலம் டிரங்கில் போடுங்கள். இதில் ‘சி’ என்பது நேர முத்திரையைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை ஒப்பிடச் சொல்கிறது. மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு கட்டாயம். விட்டுவிட்டால் டிரங்குக்குள் பிளகின் பெயரில் இன்னொரு கோப்புறை முளைக்கும். ‘--டெலீட்’ இருப்பதால்தான் நீங்கள் நீக்கிய பழைய கோப்புகள் களஞ்சியத்திலிருந்தும் நீங்குகின்றன.

ஆனால் எஸ்விஎன் கிட் மாதிரி இல்லை. கோப்பு மறைந்ததை அதுவாக நீக்கமாக எடுத்துக்கொள்ளாது. ‘எஸ்விஎன் ஸ்டேட்டஸ்’ ஓட்டினால் புதிய கோப்புகளுக்கு முன் கேள்விக்குறியும், மறைந்தவற்றுக்கு முன் ஆச்சரியக்குறியும் இருக்கும். கேள்விக்குறிக்கு ‘எஸ்விஎன் ஆட் --ஃபோர்ஸ்’, ஆச்சரியக்குறிக்கு ‘எஸ்விஎன் ஆர்எம்’. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உயர் தெளிவுப் படங்களுக்குப் பெயரில் ‘@2எக்ஸ்’ என்று வைப்பது வழக்கம். எஸ்விஎன் அந்த @ குறியைத் திருத்த எண்ணின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லும். பெயரின் கடைசியில் இன்னொரு @ சேர்த்துவிட்டால் ஒத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டில் எல்லாப் பெயர்களுக்கும் அதைச் சேர்த்தே அனுப்புங்கள், @ இல்லாத பெயர்களுக்கும் அதனால் பாதிப்பில்லை.

அசெட்ஸில் உள்ள படங்களுக்கு ‘எஸ்விஎன் ப்ராப்செட்’ மூலம் மைம்-டைப்பை (கோப்பு வகைக் குறிப்பு) அமையுங்கள். பிஎன்ஜிக்கு ‘இமேஜ்/பிஎன்ஜி’. இது இல்லாவிட்டால் பிளகின் பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட்டைச் சொடுக்குகிறவருக்குப் படம் தெரிவதற்குப் பதில் கோப்பு இறங்கும்.

கடைசியாக ‘எஸ்விஎன் காபி டிரங்க் டேக்ஸ்/2.4.0’. இதுவும் உங்கள் கணினியில் இருக்கும் நகலிலேயே நடக்கட்டும். பிறகு மேல்மட்டத்தில் நின்று ஒரே ஒரு ‘எஸ்விஎன் கமிட்’. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எஸ்விஎன்னில் ஒரு கமிட் முழுதாக ஏறும், அல்லது ஏறவே ஏறாது. டிரங்கை முதலில் அனுப்பிவிட்டு டேக்கைப் பிறகு அனுப்பினால், நடுவில் இணைப்பு அறுந்தால், ரீட்மீ சொல்லும் பதிப்பு களஞ்சியத்தில் இல்லாத நிலை உருவாகும். ஒரே கமிட்டில் அந்த இடைவெளியே கிடையாது.

கமிட்டுக்கு முன் ‘ஒத்திகை’ என்று ஒரு தேர்வு வையுங்கள். அது எல்லாவற்றையும் செய்து, ‘எஸ்விஎன் ஸ்டேட்டஸ்’ஸைத் திரையில் காட்டி, அனுப்பாமல் நின்றுவிடும். இயல்பு நிலையே ஒத்திகையாக இருக்கட்டும். உண்மையில் அனுப்ப, கட்டளையோடு வெளிப்படையாக ஒரு கூடுதல் குறிப்பைக் கொடுக்க வேண்டும் என்று வைத்தால் கைதவறி வெளியிட முடியாது.

அனுப்பி முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். களஞ்சியம் தன் ஜிப்பைக் கட்டச் சில நிமிடங்கள் விட்டு, அந்தப் பதிப்பை இறக்கி விரித்து, உங்கள் பொட்டலத்தோடு ‘டிஃப் -ஆர்’ ஓட்டுங்கள். திரையில் எதுவும் வரக் கூடாது.

படி 5: இதையே கிட்ஹப்பில் ஓட்டுவது

உங்கள் கணினியில் ஸ்கிரிப்ட் நம்பகமாக ஓடிய பிறகுதான் இந்தப் படி. டென்அப் நிறுவனம் வெளியிட்டிருக்கும் வேர்ட்பிரஸ் பிளகின் டிப்ளாய் என்ற கிட்ஹப் ஆக்ஷன் (கிட்ஹப்பின் கணினியில் தானாக ஓடும் தயார்நிலை வேலை) மேலே சொன்ன எஸ்விஎன் வேலைகளில் பெரும்பாலானதைச் செய்துவிடும். கிட் டேக்கிலிருந்து பதிப்பை எடுத்துக்கொள்ளும், முன்னால் இருக்கும் ‘வி’யை நீக்கிவிடும், கிட் களஞ்சியத்தில் ‘.வேர்ட்பிரஸ்-ஆர்க்’ என்ற கோப்புறையில் இருக்கும் படங்களை அசெட்ஸுக்கு அனுப்பும்.

அதைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் அது டிஸ்ட்இக்னோரைப் பார்த்துத் தானாக ஒரு கோப்புத் தொகுதியைத் தேர்ந்தெடுக்கும். அது நீங்கள் சோதித்த ஜிப்பாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘பில்ட் டிர்’ என்ற மாறியில் ஜிப்பை விரித்த கோப்புறையைக் காட்டுங்கள், அப்போது அதையே அனுப்பும். ‘ட்ரை-ரன்’ தேர்வும் உண்டு, அதைக் கிளைகளில் ஓட்டிப் பழகுங்கள். ‘எஸ்விஎன் இல்லை’ என்று ஓட்டம் தோற்றால், அந்த இயந்திரப் படிமத்தில் எஸ்விஎன் வருவதில்லை என்று பொருள். அதற்கு முன்னால் ஒரு நிறுவும் வரி சேர்த்தால் போதும்.

வேர்ட்பிரஸின் புதிய பதிப்பு வரும்போது ரீட்மீயில் ‘டெஸ்டட் அப் டு’ வரியை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் புதிய பதிப்பு வெளியிடத் தேவையில்லை. டிரங்கிலும் நடப்பு டேக்கிலும் உள்ள ரீட்மீயை மாற்றினால் போதும். இதற்கென்றே அதே நிறுவனத்தின் அசெட் அப்டேட் ஆக்ஷன் இருக்கிறது.

கடவுச்சொல் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

2024 ஜூனில் சில பிளகின் ஆசிரியர்களின் வேர்ட்பிரஸ்.ஆர்க் கணக்குகள், வேறெங்கோ கசிந்த கடவுச்சொற்களை வைத்துத் திறக்கப்பட்டன. பிளகின்களில் தீய நிரல் சேர்க்கப்பட்டு, அது புதுப்பிப்பாகவே தளங்களுக்குப் போனது. அதன் பிறகு 2024 அக்டோபர் 1 முதல் பிளகின், தீம் ஆசிரியர்களுக்கு இரட்டை அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது. எஸ்விஎன்னுக்குக் கணக்குக் கடவுச்சொல்லிலிருந்து வேறான தனிக் கடவுச்சொல்லும் வந்தது. ஸ்கிரிப்டில் அதையே பயன்படுத்துங்கள். பயனர் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு எஸ்விஎன்னுக்கு முக்கியம் என்பதையும் கவனியுங்கள்.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் நேராக எழுதினால் அதே கணினியைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் ஓடும் செயல்முறைகளின் பட்டியலில் அது தெரியும். ‘--பாஸ்வேர்ட்-ஃப்ரம்-ஸ்டிடின்’ மூலம் கொடுங்கள், ‘--நோ-ஆத்-கேஷ்’ சேர்த்து அதைச் சேமிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்ஹப்பில் சீக்ரெட்ஸில் வையுங்கள். அதிலும் ஒரு என்விரான்மென்ட் உருவாக்கி, வெளியீட்டுக்கு ஒருவரின் ஒப்புதல் வேண்டும் என்று அமைத்தால் இன்னும் நல்லது.

மற்றவர்களின் ஆக்ஷன்களை டேக் பெயரால் அழைக்காமல் முழுக் கமிட் எண்ணால் அழையுங்கள். 2025 மார்ச்சில் ஏராளமானோர் பயன்படுத்திய ஒரு ஆக்ஷனின் டேக்குகளே தீய கமிட்டுக்குத் திருப்பப்பட்டு, ஓட்டப் பதிவுகளில் ரகசியங்கள் கொட்டின. கமிட் எண்ணை வைத்திருந்தவர்களை அந்தத் திருப்பம் தொடவில்லை.

வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் வெளியீட்டு உறுதிப்பாடு என்ற அமைப்பும் இருக்கிறது. அதை இயக்கினால், எஸ்விஎன்னில் டேக் ஏறிய பின்னும் மின்னஞ்சல் வழியாக ஒருவர் உறுதி செய்யும் வரை பதிப்பு வெளியே போகாது. முழுத் தானியக்கத்துக்கு இது இடைஞ்சல் என்று சிலர் சொல்வார்கள். கடவுச்சொல் களவு போன நாளில் பயனர்களைக் காப்பாற்றப்போவது இந்த இடைஞ்சல்தான். இயக்கி வையுங்கள்.

தீம்களுக்கு

படி 3 வரை எல்லாம் அப்படியே பொருந்தும். பதிப்பு எண் ஸ்டைல்.சிஎஸ்எஸ் கோப்பின் தலைப்பில் இருக்கும். பிளகின் செக்குக்குப் பதில் தீம் செக் பிளகினை ஓட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் தீமுக்குள்ளேயே இருக்க வேண்டும், 1200×900-ஐத் தாண்டக் கூடாது. வழக்கமான வழி, ஜிப்பை வேர்ட்பிரஸ்.ஆர்க் பதிவேற்றப் பக்கத்தில் கொடுப்பது. அதனால் தீமுக்கு ஸ்கிரிப்ட் ஜிப்பைக் கட்டி, சோதித்து, கையில் தருவதோடு நிற்கட்டும். கடைசிச் சொடுக்கை மனிதர் செய்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

களஞ்சியத்தில் இல்லாத, சொந்த சர்வரிலிருந்து வழங்கும் பிளகினாக இருந்தால், முதன்மைக் கோப்பின் தலைப்பில் ‘அப்டேட் யூஆர்ஐ’ வரியை மறக்காதீர்கள். வேர்ட்பிரஸ் 5.8-ல் வந்த வசதி இது. இல்லாவிட்டால், நாளை அதே ஸ்லக்கில் வேறொருவரின் பிளகின் களஞ்சியத்துக்கு வந்தால், அது உங்கள் பிளகினின் மேல் புதுப்பிப்பாக ஏறிவிடலாம்.

தவறான பதிப்பு போய்விட்டால்

முதலில் டிரங்கின் ரீட்மீயில் ஸ்டேபிள் டேக்கை முந்தைய 2.3.1-க்குத் திருப்புங்கள். இது பரவுவதை நிறுத்தும். ஆனால் ஏற்கெனவே 2.4.0 நிறுவிய தளங்கள் அப்படியே இருக்கும், ஏனென்றால் வேர்ட்பிரஸ் தானாகக் கீழே இறங்காது. அவர்களுக்கு உதவ ஒரே வழி, 2.3.1-ன் நிரலையே 2.4.1 என்ற உயர்ந்த எண்ணில் வெளியிடுவது.

பதற்றமான வேளையில் இதைக் கையால் செய்தால் இன்னொரு தவறு சேரும். அதனால் ஸ்கிரிப்டில் ‘திரும்பு’ என்று ஒரு தேர்வை அமைதியான நாளிலேயே எழுதிவையுங்கள். பழைய கிட் டேக்கை எடுக்கட்டும், பதிப்பு எண்ணையும் மாற்றப் பட்டியலில் ஒரு வரியையும் மட்டும் மாற்றட்டும், பிறகு எல்லாப் படிகள் வழியாகவும் போகட்டும். அவசரம் என்று படி 3-ஐத் தாண்டவே கூடாது. 2.4.0 தரவுத்தள அட்டவணையை மாற்றியிருந்தால் பழைய நிரல் அந்தப் புதிய அட்டவணையோடு ஓடுமா என்பதைப் பார்க்க வேறு இடமில்லை. ஒத்திகைத் தளத்தில் 2.4.0-ஐ நிறுவி, அதன் மேல் 2.4.1-ஐ ஏற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் அனுப்புங்கள்.